நேற்றைய பேக்கப் ஏன் இவ்வளவு தாமதமாக மீள்கிறது? நகல்நீக்கச் சேமிப்பகங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2013 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் யூஸ்னிக்ஸ் அமைப்பின் ஃபாஸ்ட் மாநாடு நடந்தது. சேமிப்பகத் தொழில்நுட்பத்தில் உழைப்பவர்கள் ஆண்டுதோறும் கூடும் இடம் அது. எச்பி நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் லில்லிப்ரிட்ஜ், கேவ் எஷ்கி, தீபாவளி பக்வத் ஆகிய மூவரும் அங்கே ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். பேக்கப் பொறுப்பில் இருக்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும் செய்தி அதில் இருந்தது. ஒரே தரவை இரண்டு முறை எழுதாமல் நகல்நீக்கம் செய்யும் சேமிப்பகத்தில், ஆகக் கடைசியாக எடுத்த பேக்கப்பை மீட்கும் வேகம், அந்தச் சேமிப்பகத்துக்கு வயதாக வயதாகப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்ற அளவில் விழக்கூடும் என்றார்கள்.

ஆகக் கடைசி பேக்கப் என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வர் எரிந்துபோனாலும், கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தாலும், யாரோ தவறான கட்டளையைத் தட்டிவிட்டாலும் நமக்கு வேண்டியது பெரும்பாலும் நேற்றிரவு எடுத்த பேக்கப்தான். மூன்றாண்டுக்கு முந்தையதை யாரும் அவசரமாகக் கேட்பதில்லை. மிகவும் தேவைப்படுவதே மிகவும் தாமதமாக வருகிறது என்றால், அது ஏதோ ஒரு மென்பொருள் பிழையால் வருவதன்று. இந்த வகைச் சேமிப்பகம் கட்டப்பட்டிருக்கும் முறையே அப்படி. அந்த முறையையும், அதைச் சரிசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிகளையும், மீட்பு ஒன்று உள்ளே எப்படி நடக்கிறது என்பதன் வழியாக இங்கே பார்க்கலாம்.

எழுதும் பக்கம்

ஓர் அலுவலகத்தின் முழு பேக்கப்பை வாரந்தோறும் எடுத்தால், இந்த வாரத்துத் தரவில் பெரும்பகுதி போன வாரமும் இருந்ததே. அதை மறுபடி எழுதாமல், முன்பு எழுதியதைச் சுட்டிக்காட்டினால் போதும் என்பதே டீடூப்ளிகேஷன் எனப்படும் நகல்நீக்கம். பேக்கப்பாக வரும் தரவோட்டம் சிறுசிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் கணக்கின் மூலம் ஒரு கைரேகை, அதாவது அந்தத் துண்டை அடையாளம் காட்டும் ஒரு சிறு எண், எடுக்கப்படுகிறது. அதே கைரேகை ஏற்கெனவே இருக்கிறதா என்று அட்டவணையில் தேடுகிறார்கள். இருந்தால் சுட்டி மட்டும். இல்லையென்றால் துண்டை எழுதிச் சுட்டியும் வைக்கிறார்கள்.

வெட்டும் இடத்தை நிலையான நீளத்தால் தீர்மானித்தால், கோப்பின் தொடக்கத்தில் ஓர் எழுத்து சேர்ந்தாலே பின்னாலுள்ள எல்லா எல்லைகளும் நகர்ந்து, பழைய துண்டு எதுவும் பொருந்தாமல் போகும். அதனால் பல அமைப்புகள் உள்ளடக்கத்தைப் பார்த்தே வெட்டுகின்றன. மைக்கேல் ராபின் 1981-இல் வகுத்த கைரேகை முறை இதற்கு வெகுகாலமாக அடிப்படையாக இருந்துவருகிறது. பெல் ஆய்வகத்தின் ஷான் குவின்லன், ஷான் டார்வர்ட் இருவரும் 2002-இல் வெளியிட்ட வென்டி என்ற அமைப்பு, துண்டின் ஹாஷையே அதன் முகவரியாக வைத்தது. இன்றைய நகல்நீக்கச் சேமிப்பகங்கள் பலவற்றிலும் அந்த யோசனையின் சாயலைப் பார்க்கலாம்.

வணிகச் சந்தையில் இதை நிலைநாட்டியது டேட்டா டொமைன். பிரின்ஸ்டன் பேராசிரியர் கை லி உள்ளிட்டோர் 2001-இல் தொடங்கிய நிறுவனம் இது. 2009-இல் நெட்ஆப்புடன் போட்டிபோட்டு ஏறக்குறைய 210 கோடி டாலருக்கு இஎம்சி இதை வாங்கியது. நிறுவனத்தின் பொறியாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, எழுதும் பக்கத்துச் சிக்கலைத் தெளிவாகச் சொல்கிறது. சராசரித் துண்டின் அளவு 8 கிலோபைட், கைரேகை 20 பைட் என்று வைத்தால், நகலற்ற 8 டெராபைட் தரவுக்கு 20 ஜிபி கைரேகை அட்டவணை வேண்டும். அந்நாளில் அதை ரேமில் வைக்க முடியாது. டிஸ்கில் வைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேடல். ஒரு டிஸ்க் நொடிக்குச் சுமார் 120 தேடல்களே செய்யும். 120-ஐ 8 கிலோபைட்டால் பெருக்கினால் நொடிக்கு ஒரு எம்பி-கூட வராது.

அவர்கள் கண்ட தீர்வு மூன்று அடுக்குகள் கொண்டது: புதிய துண்டுகளை டிஸ்கைத் தொடாமலே அடையாளம் காண ரேமில் ஒரு சுருக்கக் குறிப்பு, ஒரே ஓட்டத்தில் வரும் துண்டுகளை ஒரே கன்டெய்னரில் (பல துண்டுகளைச் சேர்த்து டிஸ்கில் ஒன்றாக எழுதும் தொகுப்பு) அடுத்தடுத்து வைப்பது, ஒரு துண்டின் கைரேகை கிடைத்ததும் அந்தக் கன்டெய்னரிலுள்ள எல்லாக் கைரேகைகளையும் ரேமிலுள்ள தற்காலிக இடமான கேஷுக்குக் கொண்டுவருவது. நகல்நீக்கத்துக்காக டிஸ்கைத் தொடுவதில் 99 விழுக்காட்டை இவை தவிர்த்தன. 15 டிஸ்குகளோடு ஓர் ஓட்டத்துக்கு நொடிக்கு 100 எம்பி, பல ஓட்டங்களுக்கு 210 எம்பி வேகம் கிடைத்தது.

அற்புதமான பொறியியல் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். நேற்று அருகருகே இருந்த துண்டுகள் இன்றும் அருகருகே வரும் என்ற எளிய உண்மையின்மேல் கட்டிய கட்டடம் இது. அந்த உண்மை காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதே மீட்பின் துயரக் கதை.

மீட்கும் பக்கம்

பேக்கப் ஒவ்வொன்றுக்கும் சேமிப்பகம் ஒரு ரெசிபி வைத்திருக்கிறது. முதல் துண்டின் கைரேகை இது, இரண்டாவதின் கைரேகை இது என்று வரிசையாகச் செல்லும் பட்டியல். மீட்பு தொடங்கியதும் ரெசிபி வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு கைரேகையும் எந்தக் கன்டெய்னரில் இருக்கிறது என்று தேடப்படுகிறது. அந்தக் கன்டெய்னர் டிஸ்கிலிருந்து படிக்கப்படுகிறது. மறையாக்கத்தையும் சுருக்கத்தையும் பிரித்து, துண்டை எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியே அனுப்பிவிட்டு அடுத்த கைரேகைக்குப் போகிறார்கள். நகல்நீக்கத்தால் சுருங்கிய தரவை இப்படி முழு அளவுக்கு மீண்டும் ஊதிப் பெருக்குவதைத் தொழிலில் ரீஹைட்ரேஷன் என்கிறார்கள்.

கணக்குப் போட்டால்தான் இதன் கனம் தெரியும். 1 டெராபைட்டை 8 கிலோபைட் துண்டுகளாக்கினால் சுமார் 13.4 கோடி துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் முள் (தரவைப் படிக்கும் தலைப்பகுதி) தனியாக நகர வேண்டியிருந்தால், நொடிக்கு 120 என்ற கணக்கில் ஏறத்தாழ 13 நாள் ஆகும். அதே டிஸ்க் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் தொடர்ச்சியாகப் படித்தால் அதே 1 டெராபைட் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பழித்து ஒதுக்கப்பட்ட டேப்கூட இந்தக் கணக்கில் நன்றாகவே நிற்கிறது. 2010-இல் வந்த எல்டிஓ-5 டேப்பின் இயல்பான வேகம் நொடிக்கு 140 எம்பி. தொடர்ச்சியாக எழுதியதைத் தொடர்ச்சியாகப் படிப்பதில் டேப்பை அவ்வளவு எளிதில் குறைசொல்ல முடியாது.

பதின்மூன்று நாள் என்பது யாருக்கும் நேர்வதில்லை. அதற்குத்தான் கன்டெய்னர் இருக்கிறது. ஒரு கன்டெய்னரை 4 எம்பி என்று கொள்வோம். ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவு இது. முள் நகர 10 மில்லிநொடி, 4 எம்பி படிக்க 27 மில்லிநொடி, ஆக 37 மில்லிநொடி. படித்த 4 எம்பி முழுவதும் பயன்பட்டால் 1 டெராபைட்டுக்கு சுமார் 2,62,000 கன்டெய்னர்கள், மூன்று மணிக்கும் குறைவான நேரம். ஆனால் படித்த 4 எம்பியில் 200 கிலோபைட் மட்டுமே இந்த பேக்கப்புக்கு உரியது, மீதி எல்லாம் வேறு பேக்கப்புகளுக்கு உரியது என்றால், அதே வேலைக்கு இருபது மடங்கு கன்டெய்னர்களைப் படிக்க வேண்டும். மூன்று மணி இரண்டு நாளைத் தாண்டிவிடும். டிஸ்குகள் பலவற்றை இணைத்து ஒரே நேரத்தில் படிக்கச் செய்தால் இரண்டு பக்கமும் வேகம் கூடும். ஆனாலும் நல்ல நிலைக்கும் மோசமான நிலைக்கும் உள்ள விகிதம் அப்படியேதான் இருக்கும்.

எச்பி குழு இதை அளக்கத் தேர்ந்தெடுத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கன்டெய்னரைப் படித்தால் எத்தனை எம்பி மீள்கிறது என்பதே அது. டிஸ்கின் விலை, பிராண்ட், ஆண்டு எதையும் சாராமல், சிதறல் எவ்வளவு என்பதை மட்டும் அது காட்டிவிடுகிறது.

சிதறல் வளரும் விதம்

புதிதாக நிறுவிய சேமிப்பகத்தில் முதல் முழு பேக்கப் விழும்போது எல்லாத் துண்டுகளும் புதியவை. வந்த வரிசையிலேயே கன்டெய்னர்கள் நிரம்புகின்றன. அன்றே மீட்டுப் பார்த்தால் வேகம் அபாரமாக இருக்கும். விற்பனையாளர் செய்து காட்டும் சோதனையும், கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்ளும் சோதனையும் பெரும்பாலும் இந்த நாளில்தான் நடக்கின்றன.

மறுநாள் பேக்கப்பில் சில இடங்கள் மாறியிருக்கின்றன. மாறாதவை முதல் நாள் கன்டெய்னர்களைச் சுட்டுகின்றன. மாறியவை புதிய கன்டெய்னருக்குப் போகின்றன. ஒரே தரவுத்தளக் கோப்பு இப்போது இரண்டு இடங்களில் வாழ்கிறது. மூன்றாம் நாள் மூன்று இடங்கள். முந்நூறாவது நாளில் அந்தக் கோப்பின் முதல் எம்பி போன சித்திரையிலும், அடுத்த அரை எம்பி ஆடியிலும், அதற்கடுத்த துண்டு நேற்றும் எழுதப்பட்ட கன்டெய்னர்களில் கிடக்கலாம். சேமிப்பகத்தின் வரலாறு முழுவதும் நேற்றைய பேக்கப்புக்குள் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. முதல் நாள் பேக்கப்போ இன்றும் ஒழுங்காக, வரிசை கலையாமல் உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தேவைப்படாமல்.

இந்தச் சிதறல் ஒரே வகையன்று. சீனாவின் ஹுவாசோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின் ஃபூவும் அவர் குழுவினரும் 2014-இல் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, வெற்றிடம் மிகுந்த கன்டெய்னர்: படித்ததில் மிகச் சிறு பங்கே நமக்கு உரியது. எவ்வளவு பெரிய கேஷ் வைத்தாலும் அந்த வீண் தீராது. மற்றொன்று, வரிசை கலைந்த கன்டெய்னர்: அதில் நமக்குத் தேவையானது நிறைய இருக்கிறது, ஆனால் இப்போது கொஞ்சம், நெடுநேரம் கழித்துக் கொஞ்சம் என்று வருகிறது. கேஷ் போதுமான அளவு இருந்தால் இதைச் சமாளிக்கலாம். இல்லையென்றால் ஒரே கன்டெய்னரைத் திரும்பத் திரும்பப் படிக்க நேரும். மருந்து வேறுபடுவதால் இந்தப் பிரிவு முக்கியமானது.

பழைய பேக்கப்புகளைக் காலாவதியாக்கி அழிப்பதும் இதில் கலந்துகொள்கிறது. அழிப்பதால் இடம் உடனே கிடைத்துவிடாது. அந்தத் துண்டுகளை வேறு பேக்கப்புகள் சுட்டிக்கொண்டிருக்கும். குப்பை அகற்றும் வேலை ஓடி, உயிருள்ள துண்டுகளை மட்டும் புதிய கன்டெய்னருக்கு நகர்த்திவிட்டுப் பழையதை விடுவிக்கும். இப்படி நகரும்போது பல காலத்துத் துண்டுகள் ஒரே கன்டெய்னரில் குடியேறுகின்றன. அது ஒழுங்கைக் கூட்டுமா குறைக்குமா என்பது அந்தந்த மென்பொருளின் கவனத்தைப் பொறுத்தது.

எச்பி குழுவின் மூன்று மருந்துகள்

முதலாவது, கேஷைப் பெருக்குவது. ஓர் ஓட்டத்துக்கு 8 ஜிபி வரை கேஷைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் தொடர்ந்து கிடைத்தது. மீட்பு வேகம் 5 முதல் 16 மடங்கு வரை உயர்ந்தது. வரிசை கலைந்த சிதறலை இது தீர்க்கிறது. ஆனால் அது ஓர் ஓட்டத்துக்கான கணக்கு. இருபது சர்வர்களை ஒரே நேரத்தில் மீட்க வேண்டிய நாளில் அதே ரேமை இருபது பேர் பங்கிட்டுக்கொள்வார்கள் என்பதை எந்தக் கொள்முதல் பேச்சிலும் நான் தவறாமல் சொல்வேன்.

இரண்டாவது, எழுதும்போதே கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. வரும் தரவை 20 எம்பி அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் இத்தனை பழைய கன்டெய்னர்களைத்தான் சுட்டலாம் என்று ஒரு வரம்பு விதித்தார்கள். ஒரு பகுதியின் துண்டுகள் அறுபது பழைய கன்டெய்னர்களில் சிதறியிருக்கின்றன, வரம்பு பத்து என்று வைத்துக்கொள்வோம். அதிகத் துண்டுகளைத் தரும் பத்துக் கன்டெய்னர்களைத் தேர்ந்துகொண்டு, மீதி ஐம்பதில் இருப்பவற்றை நகல் என்று தெரிந்தே மறுபடி எழுதிவிடுவார்கள். அறுபது படிப்பு பத்தும் சில புதியவையுமாகக் குறைந்துவிடும். நகல்நீக்கத்தில் 8 விழுக்காட்டளவு இழப்புக்கே மீட்பு வேகம் 2 முதல் 6 மடங்கு கிடைத்தது என்று அளந்து காட்டினார்கள். ஒரு சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நகல்நீக்க விகிதத்தை (வந்த தரவுக்கும் டிஸ்கில் எழுதியதற்கும் உள்ள விகிதம்) மட்டும் வைத்து மார்தட்டுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த எண்கள்தாம். இருபதுக்கு ஒன்று என்பதைப் பதினெட்டுக்கு ஒன்றாக்கினால் டிஸ்க் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். மீட்பு நாளிலோ பல மணி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவதுதான் அழகானது. மீட்பு என்பது கணினி உலகில் அரிதாகக் கிடைக்கும் ஒரு நிலை: இனி எந்தெந்தத் துண்டு, எந்த வரிசையில் வேண்டும் என்பது ரெசிபியில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. எதிர்காலம் முழுவதும் தெரியும். அப்படியிருக்க, கடைசியாக எப்போது பயன்பட்டது என்று கடந்த காலத்தைப் பார்த்து இயங்கும் எல்ஆர்யூ வகைக் கேஷை ஏன் நம்ப வேண்டும்?

அவர்கள் செய்தது இதுதான். ரேமில், உதாரணமாக, 1 ஜிபி இடத்தை ஒதுக்கி, அடுத்த 1 ஜிபிக்கான ரெசிபியை முதலில் முழுவதுமாக வாசித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அந்த இடத்தில் ஒரு கட்டம் குறிக்கிறார்கள். நிரம்பாத முதல் கட்டத்துக்கு உரிய கன்டெய்னரைப் படிக்கிறார்கள். படித்த கையோடு, அந்த 1 ஜிபிக்குள் அந்தக் கன்டெய்னரிலிருந்து வர வேண்டிய எல்லாத் துண்டுகளையும் உரிய கட்டங்களில் நிரப்பிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு அடுத்த வெற்றுக் கட்டம். கல்யாணத்துக்கு மளிகை வாங்கப் போகிறவர், சமையல்காரர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் கடைக்கு ஓடாமல், முழுப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு கடைக்கு ஒரே தடவை போய்வருவது போன்றது இது. 1 ஜிபிக்குள் எந்தக் கன்டெய்னரும் இரண்டு முறை படிக்கப்படுவதில்லை. கேஷில் முழுக் கன்டெய்னர் தங்கினால் நமக்கு வேண்டாத துண்டுகளும் ரேமை அடைத்துக்கொள்ளும். இங்கே வேண்டியவை மட்டுமே தங்குகின்றன. அதே அளவு ரேமை வைத்து எல்ஆர்யூவைவிட 2 முதல் 4 மடங்கு வேகம் கிடைத்தது.

வேறு வழிகள்

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சுன்-ஹோ இங், பேட்ரிக் லீ இருவரும் 2013-இல் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பினார்கள். புதிய துண்டு பழையதைச் சுட்டுவதால்தானே புதிய பேக்கப் சிதறுகிறது? அப்படியானால் புதிய பேக்கப்பைத் தொடர்ச்சியாக எழுதிவிட்டு, பழைய பேக்கப்பில் இருக்கும் நகல்களை நீக்கி, அவற்றைப் புதியதைச் சுட்டச் செய்யலாம். சிதறல் ஒழிந்துவிடவில்லை, அவசரத்தில் தேவைப்படாத பழைய பேக்கப்புகளின் தலைக்கு மாறியிருக்கிறது. அது நியாயமான இடமாற்றம்.

சந்தையில் இதே எண்ணம் எளிய வடிவில் விற்கப்படுகிறது. எக்ஸாகிரிட் நிறுவனத்தின் பெட்டிகள் அண்மைய பேக்கப்பை நகல்நீக்கம் செய்யாமல் ஒரு தனிப் பகுதியில் வைத்து, நகல்நீக்கத்தைப் பின்னால் செய்கின்றன. சாதாரண டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ ஒரு வார பேக்கப்பை முழுதாக வைத்துவிட்டு, மாதக்கணக்கில் வைக்க வேண்டியதை மட்டும் நகல்நீக்கப் பெட்டிக்கு அனுப்பும் இரண்டடுக்கு அமைப்பும் பரவலானது. விர்ச்சுவல் மெஷினை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) பேக்கப்பிலிருந்தே நேரடியாக ஓடவிடும் வசதியை நம்பியிருப்பவர்களுக்கு முதலடுக்கு மிகமிக அவசியம். ஓடும் மெஷின் கேட்கும் துண்டுகள் எந்த வரிசையிலும் வருவதில்லை. ரெசிபியை முன்கூட்டிப் படிக்கும் உத்தி எதுவும் அங்கே எடுபடாது.

இன்னொரு வழி, துண்டையே பெரிதாக்குவது. திறமூல உலகில் பலர் பயன்படுத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பரில் இதன் முதல் பதிப்பு வந்தது. விர்ச்சுவல் டிஸ்குகளை இது 4 எம்பி நிலையான துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் எஸ்எச்ஏ-256 கைரேகையையே பெயராகக் கொண்ட தனிக் கோப்பு. அவை 65,536 கோப்புறைகளில் பரப்பப்பட்டிருக்கின்றன. 100 ஜிபி டிஸ்க் என்றால் 25,600 துண்டுகள்; 8 கிலோபைட் கணக்கில் அதுவே 1.3 கோடிக்கு மேல். துண்டு எங்கே கிடந்தாலும் முள்ளின் ஒவ்வொரு நகர்வுக்கும் 4 எம்பி வரை உருப்படியான தரவு கிடைத்துவிடுகிறது. அதனால் சிதறலுக்கு ஓர் எல்லை வகுத்தாகிவிட்டது. விலை மறுபக்கம் இருக்கிறது: 4 எம்பியில் ஒரு பைட் மாறினாலும் முழுத் துண்டையும் புதிதாக எழுத வேண்டும், நகல்நீக்க விகிதம் குறையும்.

இதன் குப்பை அகற்றல் முறையையும் மீட்போடு சேர்த்தே யோசிக்க வேண்டும். முதலில் எல்லா ரெசிபிகளையும் படித்து, பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு துண்டுக் கோப்பின் அணுகல் நேரத்தையும் புதுப்பிக்கிறது. பிறகு எல்லாக் கோப்புகளையும் சுற்றிவந்து, நேரம் பழசாகிப்போனவற்றை நீக்குகிறது. 24 மணி 5 நிமிடம் என்ற பாதுகாப்பு இடைவெளி உண்டு. சுழலும் டிஸ்குகளில் இலட்சக்கணக்கான கோப்புகளைத் தொடுவது பெரும் பாரம். அந்த வேலையோ சரிபார்ப்பு வேலையோ ஓடும்போது மீட்பைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று கழுத்தை நெரிக்கும். அவசர மீட்பில் முதலில் செய்ய வேண்டியது இவற்றை நிறுத்துவதே. இந்தச் சேமிப்பகத்துக்கு எஸ்எஸ்டி பரிந்துரைக்கப்படுவதன் காரணமும் இதுவே. எஸ்எஸ்டியில் முள் இல்லை. இதுவரை சொன்ன துயரத்தில் பெரும்பங்கு அங்கே மறைந்துவிடுகிறது, பணம் இருந்தால்.

மீண்டது சரியானதா

வேகத்தைப் போலவே முக்கியமான இன்னொன்று உண்டு. நகல்நீக்கத்தில் ஒரு துண்டு ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. அது கெட்டால், அதைச் சுட்டும் எல்லா பேக்கப்புகளும் அந்த இடத்தில் கெடுகின்றன. ஐம்பது பேக்கப் வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி, மாறாமல் இருந்த துண்டுகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு பிரதியின் நிம்மதிதான். ஆகவே மீட்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகையை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவது, டிஸ்கில் இருப்பதை அவ்வப்போது முழுமையாகப் படித்துச் சரிபார்ப்பது, இரண்டாவது பிரதியை வேறொரு சேமிப்பகத்தில் வைப்பது மூன்றும் கட்டாயம். கன்டெய்னருக்குள்ளேயே அதன் துண்டுகளின் கைரேகைகளை எழுதிவைத்தால், மைய அட்டவணை தொலைந்தாலும் கன்டெய்னர்களைப் படித்து மறுபடி கட்டிவிடலாம்.

கைரேகையையே முழுதாக நம்புவதன் ஆபத்தும் வெறும் கற்பனையில்லை. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும், உள்ளடக்கம் வேறான ஆனால் எஸ்எச்ஏ-1 கைரேகை ஒன்றேயான இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. சில நாள்களிலேயே வெப்கிட் உலாவித் திட்டத்தின் சப்வெர்ஷன் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில், ஒரு சோதனைக்காக அந்த இரண்டு கோப்புகளும் சேர்க்கப்பட்டன. சப்வெர்ஷன் உள்ளுக்குள் எஸ்எச்ஏ-1 மூலம் நகல்நீக்கம் செய்வது. இரண்டும் ஒன்றே என்று அது முடிவுகட்ட, களஞ்சியத்திலிருந்து கோப்புகளைச் சரியாக எடுக்க முடியாமல் போனது. எழுதும்போது நடந்த பிழை படிக்கும்போதுதான் வெளிப்பட்டது. தற்செயலாக இப்படி நேர்வது நடைமுறையில் சாத்தியமற்றது என்றே சொல்லலாம். வேண்டுமென்றே செய்ய முடியும் என்பதால் புதிய அமைப்புகள் எஸ்எச்ஏ-256 பக்கம் போயின.

எதை அளக்க வேண்டும்

மீட்புச் சோதனை என்ற பெயரில் பெரும்பாலான இடங்களில் நடப்பது, ஒரு கோப்பைத் தேர்ந்து மீட்டுத் திறந்து பார்ப்பது. அந்தக் கோப்புக்கு நூறு துண்டுகள் தேவைப்படலாம், நொடியில் வந்துவிடும். பேக்கப் இருக்கிறது, சாவி சரியாக இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். முழுச் சர்வரை மீட்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு இந்தச் சோதனையிடம் பதில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி, நான்கு மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுப்பது கண்ணைத் திறந்துகொண்டே பள்ளத்தில் இறங்குவது.

சோதனைக்கு எடுக்க வேண்டியது மிகப் பெரிய, அன்றாடம் அதிகம் மாறும், நெடுங்காலமாக அதே சேமிப்பகத்தில் பேக்கப் ஆகிவரும் சர்வர். தரவுத்தள சர்வர்தான் பெரும்பாலும் அது. அதன் ஆகக் கடைசி பேக்கப்பை முழுவதும் மீட்க வேண்டும். நேரத்தோடு, ஒரு ஜிபி மீட்க டிஸ்கிலிருந்து எத்தனை ஜிபி படிக்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். இந்த விகிதம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எப்படி நகர்கிறது என்று பார்த்தால் சிதறல் வளர்வது கண்ணுக்குத் தெரியும். ஒப்பீட்டுக்கு, அதே சர்வரின் பழைய பேக்கப் ஒன்று இன்னும் இருந்தால் அதையும் மீட்டுப் பார்க்கலாம். பழையது வேகமாகவும் புதியது தாமதமாகவும் வந்தால் நோய் இன்னதென்று உறுதியாகிவிடும். இரண்டும் தாமதம் என்றால் நெட்வொர்க்கையோ, எழுதப்படும் பக்கத்து டிஸ்கையோ, மறையாக்கத்தைப் பிரிக்கும் சிபியுவையோதான் சந்தேகிக்க வேண்டும்.

ஒற்றை சர்வர் சோதனை முடிந்ததும் பல சர்வர்களை ஒன்றாக மீட்டுப் பார்க்க வேண்டும். 2021 மே 14 அன்று அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான எச்எஸ்இயைக் கப்பம் கேட்கும் கான்டி கும்பலின் வைரஸ் தாக்கியது. ஒரு வாரத்துக்குள் மறைவிலக்கும் சாவி கைக்கு வந்தபோதும் மீட்புப் பணிகள் செப்டம்பர் வரை நீண்டன. நாடு முழுவதன் மருத்துவமனைகளுக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டியிருந்த நிலை அது. அத்தகைய நாளில் கேஷ், டிஸ்க் முள், நெட்வொர்க் மூன்றுக்கும் எல்லா ஓட்டங்களும் போட்டிபோடும். ஓர் ஓட்டத்தில் அளந்த வேகத்தை இருபதால் பெருக்கித் திட்டம் போடக் கூடாது. எது முதலில், எது பிறகு என்ற வரிசையை அமைதியான நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். அந்த வரிசையில் பேக்கப் சர்வரின் சொந்த அமைப்புக் கோப்புகளும் மறையாக்கச் சாவிகளும் முதலிடத்தில் இருக்க வேண்டும். அவற்றின் பிரதி நகல்நீக்கச் சேமிப்பகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

சோதனை செய்பவர் கவனிக்க வேண்டிய கடைசி நுணுக்கம் ஒன்று. அதே பேக்கப்பை உடனே இரண்டாம் முறை மீட்டால் வேகம் கூடித் தெரியும். முதல் முறை படித்த கன்டெய்னர்கள் ரேமில் தங்கியிருப்பதே காரணம். அந்த இரண்டாவது எண்ணை அறிக்கையில் எழுதக் கூடாது. ஒன்று, சேமிப்பகத்தை மறுதொடக்கம் செய்துவிட்டு அளக்க வேண்டும். முடியாவிட்டால், ரேமின் அளவைவிடப் பல மடங்கு பெரிய வேறொரு பேக்கப்பை இடையில் மீட்டுவிட்டுப் பிறகு அளக்க வேண்டும்.